மராத்தான் ஓட்டமும் ஒரு வரவு செலவுக் கணக்கும்



ஒரு தோல்வியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். தோற்றவன் நான்தான்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளாக வெப்பவியல் நடத்தி வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டியபின், மருத்துவர் ஒருவர் சொன்னதன் பேரில் காலையில் நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, ஓட்டம் ஆசையாகி, ஒரு நாள் மராத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இந்தத் தூரமே 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. பத்து வாரம் பழகினேன். ஒரு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு மற்ற ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றேன்.

முதல் 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் கடந்தேன். கூட்டம் இழுத்துக்கொண்டு போயிற்று. உடம்பு காற்றுபோல இருந்தது. இருபதாவது கிலோமீட்டரில் ஒரு வாழைப்பழம் தின்றேன். முப்பது வரை குறையொன்றும் இல்லை. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், யாரோ விசையை அணைத்தது போல் கால்கள் நின்றுவிட்டன. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. ஆனால் கால் எழவில்லை. முப்பத்துமூன்றாவது மைல்கல் அருகே இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட முயன்றேன். 42இலிருந்து 33ஐக் கழிக்க எனக்கு வரவில்லை! வெயில் ஏறிய அந்த நேரத்தில் கைகளில் மயிர்க்கூச்செறிந்து குளிர் வேறு எடுத்தது. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர்கள் என்னைப் பிடித்து நிழலில் உட்காரவைத்து, தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். மிச்சத்தை வண்டியில் கடந்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இதைச் சொல்லி எல்லாரும் சிரித்து முடித்தபின், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், கிளம்பும்போது உங்களிடம் எத்தனை கலோரி இருந்தது? வழியில் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டீர்களா?"

போடவில்லை. கரும்பலகையில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறவன், என் உடம்புக்குப் போடவில்லை. அன்று மாலை போட்ட கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு

முதலில் ஒரு புதிர். வேலை என்பது விசையையும், விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறீர்கள். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடுபவன் உயரே ஏறவில்லை. அவனுடைய இயக்க ஆற்றலும் கூடவில்லை. அப்படியானால் அவன் செய்த வேலை பூஜ்யம் அல்லவா? பிறகு ஏன் களைக்கிறது?

ஓடுபவரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அவருடைய இடுப்பு நேர்கோட்டில் போவதில்லை. ஒவ்வோர் அடியிலும் எழும்பி இறங்குகிறது. அந்த ஏற்றத்தை 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் மராத்தானை முடிப்பவர் நிமிடத்துக்கு 150 அடி வீதம் 45,000 அடி வைப்பார். 45,000ஐ 6 செ.மீ.யால் பெருக்கினால் 2,700 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். சமதளத்தில் மராத்தான் ஓடியவர், கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சி வரைக்கும் ஆறு ஆறு சென்டிமீட்டராகத் தம்மைத் தாமே தூக்கியிருக்கிறார்! 65 கிலோ எடையுள்ள என்னை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 410 கிலோ கலோரி வேண்டும். இறங்கும்போது அது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. குதிகால் தசைநாண் ஒரு சுருள்வில்போல நீண்டு, ஒரு பங்கைச் சேமித்து அடுத்த அடிக்குத் தருகிறது, மீதி வெப்பமாகிறது. போதாததற்கு, ஒவ்வொரு முறை பாதம் தரையில் படும்போதும் உடம்பு சற்றே தடுக்கப்பட்டு, மறுபடி முன்னே தள்ளப்படுகிறது. நம் தசைகளோ, தமக்குக் கிடைக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் இயக்கமாக மாற்றும். முக்கால் பங்கு வெப்பம்தான். இந்த முக்காலைப் பற்றிப் பிறகு நிறையப் பேசவேண்டும்; நினைவில் வையுங்கள்.

இவ்வளவையும் தனித்தனியே கூட்டவேண்டியதில்லை. ஓடுபவர்கள் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளந்து உடலியலார் ஒரு எளிய விதியைக் கண்டிருக்கிறார்கள்: ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிக் கடத்த ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி. வேகமாக ஓடினாலும் மெல்ல ஓடினாலும் தூரத்துக்கான செலவு பெரிதும் மாறுவதில்லை. செலவாகும் வேகம்தான் மாறும். எனவே எனக்கு மராத்தானின் விலை 65 × 42.2, அதாவது ஏறத்தாழ 2,740 கிலோ கலோரி. சோறாகச் சொன்னால் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம்.

வரவு

இனி இருப்பைப் பார்ப்போம். தசைகளின் எரிபொருள்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று கொழுப்பு. இன்னொன்று, நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோஸாகி, கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுவது.

கொழுப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒல்லியான மனிதரிடத்தும் பல கிலோ இருக்கும். ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி. 10 கிலோ கொழுப்பு என்றால் 90,000 கிலோ கலோரி. முப்பது மராத்தானுக்கு மேல் ஓடலாம். கிளைக்கோஜனோ தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். கிராமுக்கு 4 வீதம் மொத்தம் 2,000 கிலோ கலோரிதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தசைக்குள் போய்ச் சேர்ந்த கிளைக்கோஜன் அந்தத் தசையை விட்டு வெளியே வராது. குளுக்கோஸாகி இரத்தத்தில் கலப்பதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை. தோளிலும் கையிலும் இருக்கும் சேமிப்பு காலுக்கு உதவாது. கல்லீரல் மட்டுமே இரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக் கொடுக்கும். ஆகவே ஓட்டத்துக்கு உதவுவது 1,600 என்று வைத்துக்கொண்டேன்.

கொழுப்பு அவ்வளவு இருக்கும்போது ஏன் கவலை என்பீர்கள். கிட்டங்கியில் நெல் மலைபோல் குவிந்திருக்கிறது. ஆனால் அதை அள்ளி, அவித்து, குத்தி, அரிசியாக்கி உலைக்குக் கொண்டுவர நேரமாகிறது. கொழுப்பின் கதையும் அதுதான். சேமிப்பிலிருந்து பிரிந்து, இரத்தத்தில் ஏறி, தசைக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து எரிய வேண்டும். மேலும் ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு குளுக்கோஸை எரித்தால் 5 கிலோ கலோரி கிடைக்கிறது. கொழுப்பை எரித்தால் 4.7தான். மெல்ல ஓடும்போது கொழுப்பு ஈடுகொடுக்கும். வேகத்தைக் கூட்டினால் உடம்பு கிளைக்கோஜனில் கை வைக்கும்.

என் முதல் ஓட்டத்தில், என் சக்திக்கு மீறிய வேகத்தில், செலவில் 85 சதவீதம் கிளைக்கோஜனிலிருந்து வந்தது என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 65இல் 85 சதவீதம், அதாவது 55. இருப்பு 1,600. வகுத்தால் 29 கிலோமீட்டர். அந்த வாழைப்பழத்தில் ஏறத்தாழ 100 கிலோ கலோரி. இன்னும் இரண்டு கிலோமீட்டருக்குப் போதும். கூட்டினால் 31!

விடை இவ்வளவு அழகாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 85 என்பதும் 1,600 என்பதும் நான் எடுத்துக்கொண்ட மதிப்புகள். ஆளுக்கு ஆள் மாறுபவை. ஆனாலும் உலகெங்கும் மராத்தான் ஓடுபவர்கள் 30ஆவது கிலோமீட்டரை ஒட்டிச் "சுவரில் மோதினேன்" என்று சொல்வது ஏன் என்பது இப்போது விளங்கும். மூளைக்கு அன்றாட எரிபொருள் குளுக்கோஸ்தான். கல்லீரலின் இருப்பு தீர்ந்து இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தால், இருபது ஆண்டு பாடம் நடத்தியவருக்கும் கழித்தல் மறந்துவிடும்.

இந்த இடத்தில் கைதேர்ந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் மராத்தானை முடித்தார். நூறு மீட்டருக்கு 17 விநாடி. உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு முறை ஓடிப் பாருங்கள். அவர் அப்படி 421 முறை, நிற்காமல் ஓடினார். நம் நாட்டின் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடியது பல பத்தாண்டுகள் இந்தியச் சாதனையாக நின்றது.

அடுப்பை அணைப்பது எப்படி?

சர்க்கரை தீர்ந்தால் கால் நிற்கும், அவ்வளவுதான். வெப்பக் கணக்கு தவறினால் உயிரே போகலாம். முக்கால் பங்கு வெப்பம் என்றேனே, அதற்கு வருவோம்.

ஐந்து மணி நேர ஓட்டத்தில் மணிக்கு 550 கிலோ கலோரி செலவு. அதில் முக்கால், ஏறத்தாழ 410, வெப்பமாகிறது. நம் உடம்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 0.83 கிலோ கலோரி. 65 கிலோ உடம்பின் வெப்பநிலையை 1 டிகிரி சென்டிகிரேடு உயர்த்த 54 கிலோ கலோரி போதும். இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37இல் புறப்பட்டவர் அரை மணி நேரத்தில் 41ஐ எட்டிவிடுவார். அந்த நிலையில் மூளை தடுமாறும். தொடர்ந்தால் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடும்.

இது கற்பனைக் கணக்கு அன்று. 1912 ஜூலை 14ஆம் நாள் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தான் கடும் வெயிலில் நடந்தது. புறப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்த்துகல் நாட்டுத் தச்சர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அவர் உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்றும், அதனால் வியர்வை வெளியேற வழியில்லாமல் போயிற்று என்றும் பதிவுகள் சொல்கின்றன. காப்பு என்று எண்ணிப் பூசியது கதவை அடைத்துவிட்டது.

கதவு என்றது வியர்வையை. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று உங்களைக் கேட்டால் உடனே சொல்வீர்கள்: நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் கொதிநிலையில் ஆவியாக 540 கலோரி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். தோலின் வெப்பநிலையில், அதாவது 35 டிகிரியில், அது 580 ஆகிறது. ஆக, ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். என் 410ஐ அகற்ற மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியானால் போதும்.

"ஆவியானால்" என்பதுதான் இங்கு முக்கியம். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. அது தண்ணீர் நஷ்டம் மட்டுமே. வியர்வை வேகமாக ஆவியாவதற்கு, தோலருகே உள்ள ஆவி அழுத்தம் காற்றில் உள்ளதைவிட மிகுந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதைப் பாட்டிகள் அறிவார்கள். ஓடுபவரும் நடமாடும் பானைதான்.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறைச் சுட்டவேண்டும். செய்தியில் "ஈரப்பதம் 80 சதவீதம்" என்று கேட்டதும், எல்லா 80ம் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். 35 டிகிரியில் நனைந்த தோலருகே ஆவி அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். சென்னையில் ஒரு மே மாத விடியல், 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொள்வோம். 30 டிகிரியில் தெவிட்டிய ஆவி அழுத்தம் 31.8; அதில் 80 சதவீதம் 25. வித்தியாசம் 17. பெங்களூரில் ஒரு டிசம்பர் விடியல், 16 டிகிரி, அதே 80 சதவீதம் என்று கொள்வோம். 16 டிகிரியில் தெவிட்டிய ஆவி அழுத்தம் 13.6தான், அதில் 80 சதவீதம் 11. வித்தியாசம் 31. ஈரப்பத எண் ஒன்றே; ஆனால் பெங்களூர்க் காற்று வியர்வையை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆவலோடு வாங்கிக்கொள்கிறது. அதோடு, குளிர்ந்த காற்று நேரடியாகவும் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துப்போகும். நான் பழகிய திருச்சியின் வறண்ட காற்றுக்கும், ஓடிய சென்னைக் கடற்கரைக் காற்றுக்கும் இடையில் இப்படியொரு வித்தியாசம் இருக்கும் என்பது வெப்பவியல் ஆசிரியராகிய எனக்குத் தோன்றவே இல்லை.

2019இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், பெண்கள் மராத்தானை வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் வைத்தார்கள். சூரியன் இல்லை, ஆனால் வெப்பநிலை 30ஐத் தாண்டியிருந்தது, ஈரப்பதமும் 70 சதவீதத்துக்கு மேல். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் மராத்தானை அதே அச்சத்தால் வடக்கே குளிர்ந்த சப்போரோ நகருக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் அங்கேதான் நடந்தது.

ஓடிக்கொண்டிருந்த ஒருவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசி, உடம்பு அனலாய்க் கொதித்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவிலும் இது நேரலாம். உடனே பெரியவர்களை அழைத்து மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள். வண்டி வரும்வரை சும்மா இராமல் நிழலுக்குக் கொண்டுபோய், ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதில் கழுத்தளவு அமிழ்த்தியும், இல்லாவிட்டால் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் இடைவிடாமல் ஊற்றி விசிறியும் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு ஏற்றிச் செல்வது என்பதே இன்றைய மருத்துவர்களின் விதி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிய அந்தத் தொண்டர்களில் ஒருவருக்குப் பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்கும்.

அப்படியானால் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிடலாமா? கூடாது. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கும் அபாயம் உண்டு. 2002இல் பாஸ்டன் மராத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடிப்பதே நல்ல அளவுகோல்.

மறுபடியும்

கணக்கைப் போட்டுவிட்டு ஓராண்டு காத்திருந்தேன். இம்முறை பழக்கம் பத்து வாரம் அன்று, இருபது வாரம். வாரத்துக்கு 25 கிலோமீட்டரில் தொடங்கி, 55 வரை கொண்டுபோனேன். பெரும்பாலும் கூட ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான். இளைஞர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றும். ஆனால் இந்த மெல்லோட்டம்தான் தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது. தசையைச் சுற்றித் தந்துகிகளைக் கூட்டுகிறது. கிட்டங்கிக்கும் உலைக்கும் இடையே வண்டிப்பாதை அகலமாகிறது; அதே வேகத்தில் கொழுப்பு கூடுதல் பங்கை ஏற்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் நாணும் அப்படியல்ல, மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைச் சட்டென்று கூட்டியவர்கள் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியோடு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்தேன். ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம். கடைசியில் கல்லணை வரை போய்த் திரும்பும் 30 கிலோமீட்டர்.

வெப்பத்துக்கும் உடம்பு பழகும். இரண்டு வாரம் சற்று வெக்கையில் ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது. அதில் உப்புக் குறைகிறது. போட்டிக்கு முன் சில நாள் ஏழரை மணிக்குப் பிறகு ஓடினேன். வீட்டில் திட்டு வாங்கினேன்.

இனிச் சர்க்கரைக் கணக்கு. மெல்ல ஓடினால் கிளைக்கோஜனின் பங்கு 70 சதவீதமாகக் குறையும் என்று கொண்டேன். 2,740இல் 70 சதவீதம் 1,920. இருப்பு 1,600. பற்றாக்குறை 320 கிலோ கலோரி, அதாவது 80 கிராம் சர்க்கரை! ஓராண்டாக என் மனத்தில் உறுத்திய தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே, அவசரப்படாத கால்களும் ஒரு டம்ளர் சர்க்கரையில் பாதியும்தான் இருந்தன. குடலுக்குப் போவதெல்லாம் உடனே இரத்தத்துக்கு வராது என்பதால், மணிக்கு 30 கிராம் என்று திட்டமிட்டு, குளுக்கோஸ் தூளையும் பேரீச்சம்பழத்தையும் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். ஓடிக்கொண்டே சாப்பிடக் குடலையும் பழக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் அதற்கும் பயிற்சி.

அதே ஜனவரி, அதே சாலை. இம்முறை முதல் 10 கிலோமீட்டருக்கு 73 நிமிடம் எடுத்துக்கொண்டேன். கிழவர்களும் குழந்தைமுகப் பெண்களும் என்னைத் தாண்டிப் போனபோது கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மிகவும் கடினமான பகுதி அதுதான். முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் வந்தது. கால்கள் கனத்தன, ஆனால் அணையவில்லை. முப்பத்துமூன்றில் 42இலிருந்து 33ஐக் கழித்துப் பார்த்தேன். ஒன்பது. சரியாக வந்தது. 5 மணி 8 நிமிடத்தில் முடித்தேன். மறுநாள் கல்லூரி மாடிப்படியில் ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. அது நீளும் தசை சுமை தாங்குவதைப் பற்றிய வேறொரு பாடம்.

புறப்படும் முன் என் எடை 65.0 கிலோ. முடித்தபின், வியர்வையைத் துடைத்து உலர்ந்த உடையோடு நின்றபோது 63.4. வழியில் குடித்த தண்ணீர் 2.4 லிட்டர். ஆக, நான் இழந்த வியர்வை ஏறத்தாழ 4 லிட்டர். (மூச்சில் போன நீராவியையும் கரியமில வாயுவையும், தின்ற பேரீச்சம்பழத்தையும் விட்டுவிட்டேன்.) முழுவதும் ஆவியாகியிருந்தால் 2,320 கிலோ கலோரியை அகற்றியிருக்கும். நான் உண்டாக்கிய வெப்பமோ 2,740இல் முக்கால், 2,055தான். எனவே அரை லிட்டராவது வீணாகச் சொட்டியிருக்க வேண்டும். கடற்காற்று நேரடியாக எடுத்துச் சென்ற வெப்பத்தையும் சேர்த்தால் வீணானது இன்னும் அதிகம். என் காலணிகள் சளசளவென்று நனைந்திருந்தது அதற்குச் சாட்சி.

மராத்தானுக்கு உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை. பெரும்பாலான போட்டிகளில் 18 நிறைந்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் கடைசிக் கணக்கை நீங்கள் இந்த வாரமே செய்யலாம். ஒரு மணி நேரம் கபடியோ கால்பந்தோ ஆடுவதற்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்து ஒரே மாதிரி உலர்ந்த உடையில் எடை பாருங்கள். நூறு கிராம் வரை காட்டும் எடைக்கருவி வேண்டும். இடையில் குடித்த தண்ணீரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தாகமெடுத்தும் குடிக்காமல் இருக்க வேண்டாம். எடை குறைந்ததோடு குடித்ததைக் கூட்டினால் உங்கள் வியர்வை. இதை வானம் தெளிந்த ஒரு நாளும், மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான ஒரு நாளும் செய்து, இரு நாளின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அட்டவணையிலிருந்து ஆவி அழுத்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, எந்த நாளில் சட்டை அதிகம் நனைந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.